சாப்பாட்டு மேசையில் தொடங்கிய கம்பனி

சபையோருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை, காலி வீதி நெரிசலில் அகப்பட்டும் வெள்ளவத்தை வரை வந்திருக்கிறீர்கள், நன்றி. கணினி படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். அவர்களையும், படித்து முடித்து, கொஞ்சக் காலம் வேலையும் பார்த்து, பிறகு வீட்டோடு நின்றுவிட்ட அவர்களுடைய அக்காமாரையும் நினைத்துத்தான், இங்கிலாந்தில் பெண்களை வைத்து மென்பொருள் கம்பனி நடத்திய ஸ்டெபனி ஷேர்லி அம்மையாரைப் பற்றிப் பேச வந்தேன். 2025 ஓகஸ்டில், 91 வயதில் காலமானவர்.

ஆறு பவுண்ட் முதலோடு தொடங்கினார், கோடீஸ்வரி ஆனார் என்று அவர் கதையை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய நேரத்துக்கு ஏற்றபடி வேலையையே மாற்றி அமைத்தாரே, அதுதான்.

பிறந்தது 1933 இல், ஜேர்மனியின் டோர்ட்முண்டில். தகப்பனார் யூதர், நீதிபதி. 1939 இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவோடு வியன்னாவில் ரயில் ஏறினார். நாஜிகளிடமிருந்து காப்பாற்றுவதற்காகப் பெற்றோர் இல்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட ஏறக்குறைய 10,000 பிள்ளைகளில் இவர்கள் இருவர். இடம்பெயர்வு என்றால் என்னவென்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் பள்ளியில் கணிதம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால் பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். 18 வயதில் தபால் திணைக்களத்தின் டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பட்டம் எடுத்தது மாலை வகுப்பில்.

1962 இல் சொந்தமாகத் தொடங்கினார். அப்போது மென்பொருள் என்பது கணினியோடு இலவசமாக வருகிற ஒன்று. அதைத் தனியாக விலைக்கு விற்கப் போவதாகச் சொன்னதும் சிரித்தார்கள். வேலை கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார்: ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரில் கையெழுத்துப் போட்டுப் பார். போட்டார். பதில்கள் வரத் தொடங்கின.

சரி, வீட்டில் இருந்தபடி எப்படி நிரல் எழுதினார்கள்? வீட்டில் கணினி கிடையாது. பென்சிலும் தாளும்தான். முதலில் வேலையின் படிகளை வரிசையாகக் காட்டுகிற பாய்ச்சற் கோட்டுப்படம் வரைவார்கள். பிறகு ஒவ்வொரு கட்டளையையும் கையால் எழுதித் தரவு நிலையத்துக்குத் தபாலில் அனுப்புவார்கள். அங்கே அதைத் துளை அட்டையில் பொறித்து, பிழை இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு முறையும் பொறிப்பார்கள். அதற்குப் பிறகுதான் கணினிக்குப் போகும். இப்படி வேலை செய்த பெண்கள்தான் கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதினார்கள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எழுதியிருப்பார்கள், விடியற்காலையில் எழுந்து எழுதியிருப்பார்கள். வேலைக்கான விலை முன்கூட்டியே பேசப்பட்டது; எந்த நேரத்தில் எழுதினாய் என்று கேட்க அவசியம் இல்லை. முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே மூன்று பேர்.

முதல் பணத்துக்கு என்ன செய்தார்? தன் உழைப்பைப் போட்டார், வீட்டின் பேரில் கடன் வாங்கினார். கணவரின் அனுமதி இல்லாமல் ஒரு பெண்ணால் வங்கிக் கணக்குக்கூடத் திறக்க முடியாத காலம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த இடத்தில் நம்மூர்ச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட வடபகுதிப் பெண்ணுக்குச் சீதனமாக வந்த வீடும் காணியும் அவளுடைய தனிச் சொத்து என்று 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொன்னது. நல்லது. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. மரணசாசனம் எழுதுவதற்கு மட்டும் அந்தச் சம்மதம் வேண்டாம். தன் காலத்துக்குப் பிறகு காணி யாருக்கு என்று அவள் தானே முடிவு செய்யலாம், உயிரோடு இருந்து ஒரு தொழில் தொடங்க அந்த உறுதியை வங்கிக்குக் கொண்டுபோவதென்றால் முடியாது! கணவன் மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் ஏறவேண்டும். நம் பாட்டிமாரில் எத்தனை பேர் வியாபாரத் திறமையோடு இருந்தும் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்களோ, நினைக்கும்போதே கோபம் வருகிறது.

ஷேர்லி அம்மையாரின் ஒரே மகன் ஜைல்ஸ். 1963 இல் பிறந்தான். இரண்டரை வயதளவில், பேசிய சில சொற்களையும் இழந்தான். கடுமையான ஓட்டிசம். அவனைப் பார்த்துக்கொண்டே கம்பனியையும் நடத்தினார், நடுவில் உடைந்தும் போனார். 1998 இல், 35 வயதில் அவன் இறந்தான். அவனைப் போன்றவர்களுக்கான இல்லத்துக்கும் பள்ளிக்கும் ஆராய்ச்சிக்கும் தன் செல்வத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டார். நெகிழ்வான நேரம் வேண்டும் என்று அவர் கேட்டது தன் வீட்டிலிருந்தே தெரிந்து கேட்டது.

1975 இல் பிரித்தானியாவில் பால்வேறுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்ததும் பெண்களை மட்டும் தேடி எடுப்பது சட்டவிரோதமாயிற்று, ஆண்களையும் சேர்த்தார். அதற்கப்புறம் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கம்பனியின் ஏறக்குறைய கால் பங்கைத் தன் செலவிலேயே ஊழியர்களுக்கு மாற்றினார். 1996 இல் அது லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. அவரோடு வேலை செய்தவர்களில் 70 பேர் மில்லியனர்கள் ஆனார்கள், பவுண்ட் கணக்கில்.

இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். மகப்பேற்று விடுமுறை 84 நாள் சட்டத்தில் உண்டு. 85 ஆம் நாள் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. மருதானையிலும் தெமட்டகொடையிலும் அலுவலகம் வைத்து, ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறீர்கள். பிள்ளை பிறந்தபின் ராஜினாமாக் கடிதம் கொடுத்த பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியும், தொலைபேசி இலக்கமும் இருக்கும். அழைத்துப் பேசுங்கள். வாரத்தில் எத்தனை மணி அவளால் தர முடியும், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். அந்த மணிக்குள் அடங்குகிற வேலையைப் பிரித்து, விலையை முதலிலேயே பேசிக் கொடுங்கள். ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கும் வழியைப் பற்றி, முன்வரிசையில் இருக்கிற கணக்காளர்களும் சேர்ந்துகொண்டால், கேள்வி நேரத்தில் விரிவாகப் பேசுவோம்.