வான்கடேயில் பந்தை யாரிடம் கொடுத்திருப்பீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, வெள்ளவத்தை மழையையும் காலி வீதி நெரிசலையும் கடந்து வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒருநாள் கிரிக்கெட்டில் வெற்றியைத் தீர்மானிப்பது அணித் தெரிவா, ஆடுகள வியூகமா என்பது இன்றைய தலைப்பு. அணித் தெரிவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று சான்றுகளை வைத்தார். 1996 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், லாகூரில் நாணயச் சுழற்சியில் வென்ற நம் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க, அவுஸ்திரேலியாவை முதலில் ஆடவிட்டார். 1992 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்து அணித்தலைவர் மார்ட்டின் குரோ, புதுப் பந்தைச் சுழற்பந்து வீச்சாளர் கையில் கொடுத்தார். 2011 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், மும்பை வான்கடே மைதானத்தில் நம்மை எதிர்த்து ஆடிய இந்திய அணித்தலைவர் டோனி, யுவராஜை உட்காரவைத்துவிட்டுத் தானே இறங்கினார். மூன்றும் அருமையான வியூகங்கள். அவற்றில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. மூன்றையும் எங்கள் அணியின் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

அதற்கு முன் நம் ஊர் மைதானத்துக்கு வாருங்கள். 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, கெத்தாராம பிரேமதாச மைதானம். இந்தியாவுடன் இலங்கை ஆடிய இரண்டாவது ஒருநாள் ஆட்டம். முதல் ஆட்டம் இரண்டு பக்கமும் 230 ஓட்டங்களில் சமநிலையில் முடிந்திருந்தது. அந்த ஆட்டத்தோடு வனிந்து ஹசரங்க காயப்பட்டு வெளியேறிவிட்டார். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர், "ஹசரங்கவும் இல்லை, இனி என்ன பார்க்க இருக்கிறது?" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் எடுத்தது 240. ரோஹித் சர்மா இறங்கி அடித்த அடியில் பப்பரே வாத்தியக்காரர்கள் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்கள். விக்கெட் விழாமல் 97.

ஹசரங்கவின் இடத்துக்கு அழைக்கப்பட்டவர் ஜெப்ரி வன்டர்சே. அதிகம் பேசப்படாத லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். ரோஹித் ரிவர்ஸ் ஸ்வீப் அடிக்கப் போனார், பந்து மேலெழுந்தது, நிசங்க பாய்ந்து பிடித்தார். பிறகு கில், டுபே, கோலி, ஐயர், ராகுல் என்று வரிசையாகப் போனார்கள். 97க்கு விக்கெட் இல்லை என்றிருந்த கணக்கு 147க்கு 6 ஆனது. விழுந்த ஆறும் வன்டர்சேக்கு. 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். கோலி கால் காப்பில் வாங்கிய பந்து நேராக உள்ளே வந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. பின்னாலிருந்த பெரியவர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

அன்று அணித்தலைவர் சரித் அசலங்க செய்த வியூகம் என்ன? பந்தை வன்டர்சேயிடம் கொடுத்தார். அவ்வளவுதான். தெரிவுக்குழு அந்த இடத்துக்கு இன்னொரு வேகப்பந்து வீச்சாளரை அனுப்பியிருந்தால் அசலங்கவின் மூளை எவ்வளவு வேலை செய்தாலும் அந்தப் பந்து அங்கே விழுந்திராது. அந்தத் தொடரில் இந்தியா இழந்த 30 விக்கெட்களில் 27 நம் சுழற்பந்து வீச்சாளர்களுக்குச் சேர்ந்தன. மூன்றாவது ஆட்டத்தில் துனித் வெல்லாலகே 27 ஓட்டங்களுக்கு 5 எடுத்தார். கெத்தாராம ஆடுகளத்தின் குணமறிந்து ஆட்களை எடுத்தவர்களின் வெற்றி அது. 1997க்குப் பிறகு இந்தியாவை ஓர் இருதரப்பு ஒருநாள் தொடரில் நாம் வென்றது அப்போதுதான்.

இனி லாகூர். முதலில் பந்து வீசிய அர்ஜுனவின் முடிவை எதிரணித் தலைவர் கொண்டாடினார். அதற்கு முன் இரண்டாவதாக ஆடிய எந்த அணியும் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் வென்றதில்லை என்பதால் துணிச்சலான முடிவுதான். ஆனால் அவுஸ்திரேலியா ஒரு விக்கெட்டுக்கு 137 எடுத்து, டெய்லரும் பொண்டிங்கும் நின்று ஆடிக்கொண்டிருந்தபோது அந்த நாணயம் யாருக்கு உதவியது? அங்கிருந்து 170க்கு 5 ஆக்கியது சுழல். அன்று 50 ஓவர்களில் 37 ஓவர்களைச் சுழற்பந்து வீச்சாளர்களே வீசினார்கள். முரளிதரன் 10, தர்மசேன 10, அரவிந்த 9, ஜயசூரிய 8. அந்த நால்வரில் இருவர் துடுப்பாட்ட வரிசையின் தூண்கள். மைதானத்தில் அர்ஜுன பந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார், உண்மைதான். ஆனால் மாற்றிக் கொடுக்க நான்கு கைகள் இருந்தன. அந்த நான்கு கைகளையும் பதினொரு பேருக்குள் அடக்கிய இடம் தெரிவு மேசை.

அடுத்து எல்லோரும் சொல்லும் அந்த "முதல் 15 ஓவர்" வியூகம். களத்தடுப்புக் கட்டுப்பாடு இருக்கும்போதே ஜயசூரியவும் களுவிதாரணவும் அடித்து நொறுக்கினார்கள், உலகமே ஆடும் முறை மாறியது. சரி. கல்கத்தா அரையிறுதியில் முதல் ஓவரிலேயே இருவரும் ஸ்ரீநாத்திடம் ஆட்டமிழந்தார்களே, அப்போது அந்த வியூகம் எங்கே போனது? இறுதியாட்டத்தில் 23 ஓட்டங்களுக்குள் இருவரும் திரும்பிவிட்டார்களே! கிண்ணத்துக்கான இரண்டு பெரிய ஆட்டங்களிலும் வியூகம் தோற்றது, அணி வென்றது. கல்கத்தாவில் அரவிந்த 66, மஹானாம 58. லாகூரில் குருசிங்க 65, அரவிந்த ஆட்டமிழக்காமல் 107, அர்ஜுன ஆட்டமிழக்காமல் 47. தொடக்க ஆட்டக்காரராக இருந்த ரொஷான் மஹானாமவை நடுவரிசைக்கும் கீழே இறக்கி வைத்திருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். மேலே இருவர் விழுந்தால் தாங்குவதற்குக் கீழே ஐந்து பேர். அதைத் திட்டமிட்டவர்கள் பந்து வீசுமுன்னரே ஆட்டத்தைப் பார்த்துவிட்டார்கள்.

முரளியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். முரளி பந்தை வீசாமல் எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் ஏழு முறை நோ போல் என்றார். அடுத்த மாதமே பிரிஸ்பேனில் ஒருநாள் ஆட்டத்தில் இன்னொரு நடுவரும் அதையே செய்தார். கண்டியிலிருந்து போன 23 வயது இளைஞன், உலகத்தின் கண்முன்னால் கூனிக் குறுகி நின்றான். உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. "இவர் வேண்டாம், தலைவலி" என்று ஒரு கோடு கிழித்திருந்தால் கேட்க எவர் இருந்தார்? கிழிக்கவில்லை. அந்தப் பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது. லாகூரில் அதே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 10 ஓவர்கள், 31 ஓட்டங்கள், ஒரு விக்கெட். இதற்கு வியூகம் என்று பெயர் வைக்க முடியுமா? ஒருவனை நம்பி அணியில் வைத்திருப்பது தெரிவு. அந்த நம்பிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

நியூசிலாந்தை விரைவாக முடித்துவிடுகிறேன். குரோ புதுப் பந்தைக் கொடுத்த திபக் பட்டேல், துடுப்பும் பிடிக்கத் தெரிந்த ஓஃப் ஸ்பின் வீச்சாளர். அப்படி ஒருவர் அணியில் இருந்ததால் கொடுக்க முடிந்தது. அதே தொடரில் தொடக்கத்தில் வந்து விளாசிய மார்க் கிரேட்பாட்ச் முதல் ஆட்டத்தில் அணியிலேயே இல்லை. ஜோன் ரைட் காயப்பட்டதால் உள்ளே வந்தவர். ஆள் மாறியதும் வியூகம் பிறந்தது. அந்த நியூசிலாந்தை அரையிறுதியில் கவிழ்த்ததும், பாகிஸ்தான் அணித்தலைவர் இம்ரான் கான் விடாமல் அணியில் வைத்திருந்த 22 வயது இன்சமாமின் 37 பந்து 60 ஓட்டங்கள்தான்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, 2023 செப்டம்பர் 17ஐ நினைவுபடுத்தினார். ஆசியக் கிண்ண இறுதியாட்டம், இதே கொழும்பு. வானம் மூடியிருந்தபோது நாம் முதலில் துடுப்பெடுத்தோம். சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6. நாம் 50க்குச் சுருண்டோம். "நாணயச் சுழற்சியில் எடுத்த முடிவால் வந்த தோல்வி" என்றார். அன்று முதலில் துடுப்பெடுத்தது தவறு என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் சகோதரியே, நவம்பர் 2ஆம் திகதிக்கு வாருங்கள். உலகக் கிண்ணம், மும்பை, அதே இந்தியா. மறுபடி நாணயச் சுழற்சியில் வென்றோம். இந்தமுறை பாடம் கற்றவர்களாக முதலில் பந்து வீசினோம். இந்தியா 357, நாம் 55! முதலில் ஆடினால் 50, பிறகு ஆடினால் 55. நாணயத்தை எந்தப் பக்கம் போட்டும் பார்த்தாகிவிட்டது. புதுப் பந்தை எதிர்கொள்ளும் வரிசையும், காயத்தால் வராமற்போன ஹசரங்கவுக்கு ஈடான ஆளும் நம்மிடம் இருக்கவில்லை. அந்த உலகக் கிண்ணத்தில் ஒன்பதாவது இடத்தில் முடிந்து, 2025 சம்பியன்ஸ் கிண்ணத்தில் விளையாடும் தகுதியையும் இழந்தோம்.

தெரிவு எவ்வளவு பெரிய காரியம் என்பதை நம் நாட்டுச் சட்டமே சொல்கிறது. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்கீழ், தேசிய அணிப் பட்டியல் விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதலுக்குப் போகவேண்டும். களத்தடுப்பு வியூகத்துக்கு யாரும் கையெழுத்துக் கேட்பதில்லை. பட்டியலுக்குத்தான் கேட்கிறார்கள். எங்கே ஆட்டம் முடிவாகிறது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

என் சொந்தக் கதை ஒன்று. பதினாறு வயதில் மென்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்றில் எங்கள் ஒழுங்கை அணிக்குப் புள்ளிக் கணக்கு எழுதினேன். அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் பெயர்கள் இருந்தன. எட்டாவதாக ஓர் இடதுகைச் சுழல் வீச்சாளன். காலையில் அந்தப் பெயரின்மேல் நீலப் பேனாவால் இரண்டு கோடுகள். மேலே, பந்துக்கும் துடுப்புக்கும் பணம் கொடுத்தவரின் மகன் பெயர். வெட்டப்பட்டவன் வெறுங்காலோடு எல்லைக்கோட்டருகே குந்தியிருந்தான். காய்ந்த தரை, எதிரணிக்கு மூன்று வலதுகை அடிகாரர்கள். எங்கள் தலைவன் களத்தில் தடுப்பாளர்களை மாற்றிக்கொண்டேயிருந்தான், பந்து வீச்சாளர்களை மாற்றிக்கொண்டேயிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூவரும் ஆட்டமிழக்கவேயில்லை. அந்தத் தாள் நெடுநாள் என் கொப்பிக்குள் இருந்தது.

கடைசியாக, எதிரணியின் மூன்றாவது சான்றுக்கு வருகிறேன். 2011 ஏப்ரல் 2, வான்கடே. நடுவர் அவர்களே, இதைப் பேசுவது எனக்கு எளிதன்று.

நான்கு நாட்களுக்கு முன் கெத்தாராமவில் அரையிறுதி. நியூசிலாந்தை 217க்கு மடக்கினோம். அஜந்த மென்டிஸ் 35 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். முரளி தாய்மண்ணில் வீசிய கடைசிப் பந்தில் ஸ்டைரிஸின் விக்கெட். இடதுகைச் சுழலுக்கு ரங்கன ஹேரத். வென்ற அந்த அணியில் இறுதியாட்டத்துக்கு நான்கு மாற்றங்கள் செய்தார்கள். அஞ்சலோ மத்யூஸுக்குக் காயம், அது தவிர்க்க முடியாதது. ஆனால் சாமர சில்வா, மென்டிஸ், ஹேரத் மூவரையும் நிறுத்தினார்கள். கபுகெதர, குலசேகர, திசர பெரேரா, இலங்கையிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட சுராஜ் ரண்டீவ் ஆகியோர் வந்தார்கள். இந்தியர்கள் சுழலை நன்றாக ஆடுவார்கள் என்ற கணக்கு இருந்திருக்கலாம். அந்தக் கணக்கை நான் ஏளனம் செய்யவில்லை.

மஹேல ஆட்டமிழக்காமல் 103 எடுத்தார், நாம் 274. மாலிங்க சேவாக்கையும் டெண்டுல்கரையும் அனுப்பிவைத்தபோது இந்தியா 31க்கு 2. வெள்ளவத்தையில் வெடி கொளுத்தினார்கள். பிறகு இடதுகைக் கம்பீர் நிலைத்தார். நம்மிடம் இருந்த சுழல் எது? முரளி, ஓஃப் ஸ்பின். ரண்டீவ், ஓஃப் ஸ்பின். டில்ஷான், அவரும் ஓஃப் ஸ்பின். மூன்று பேரின் பந்தும் பெரும்பாலும் ஒரே பக்கம் திரும்பும். கம்பீரோடு இன்னொரு இடதுகையான யுவராஜ் இறங்கினால் இருவருக்குமே பந்து வெளியே திரும்பும். இதைப் பார்த்துத்தான் வலதுகை டோனி முன்னால் இறங்கினார். முரளியைச் சென்னை அணியின் பயிற்சி வலையில் ஆடிப் பழகியவர் வேறு. கம்பீரும் டோனியும் 109 சேர்த்தார்கள். 97, ஆட்டமிழக்காமல் 91, கிண்ணம் போனது.

எதிரணித் தலைவர் கொண்டாடும் அந்த வியூகம், நம் அணிப் பட்டியலை வாசித்துவிட்டு எழுதிய பதில். டோனி இறங்கியபோது வெளியே திரும்பும் ஒரு பந்து, உள்ளேயா வெளியேயா என்று புரியாத ஒரு பந்து, இரண்டையும் வீசக்கூடிய ஹேரத்தும் மென்டிஸும் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கக்கார கூர்மையான அணித்தலைவர். அவர் அன்று எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

எதிரணித் தலைவருக்குத் தொகுப்புரைக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு பெயரைச் சொல்லட்டும். கம்பீரும் டோனியும் நிற்கிறார்கள், பனி விழத் தொடங்கிவிட்டது, பந்து சங்கக்காரவின் கையில் இருக்கிறது. அந்தப் பதினொரு பேருக்குள் யாரிடம் கொடுத்திருப்பீர்கள்? நான் அமர்ந்து கேட்கிறேன்.