ஊரில் பேசப் போகிறீர்களா? தலைப்பை எப்படிப் பிடிப்பது?

[திரையில்: வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கும் கூட்டம்]

வணக்கம். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் அரை மணி நேரம் கிடைத்திருக்கிறது, எதிரே அறுபது பேர், உடல்நலம் பற்றி எதைப் பேசுவீர்கள்? முதல் தடவை போனபோது நான் மாரடைப்பைப் பேசினேன். அன்று செப்டம்பர் 29, உலக இதய தினம், கையில் பளபளவென்று ஒரு போஸ்டர் இருந்தது, வேறு காரணமே கிடையாது. கொலஸ்டிராலில் தொடங்கி ஆலிவ் எண்ணெய் வரைக்கும் போய்விட்டேன் (இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது). முடித்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, பாம்பு கடிச்சா மொதல்ல எங்க தூக்கிட்டு ஓடணும்?" அந்த மாதம் அவர் தெருவிலேயே இரண்டு பேரைக் கடித்திருக்கிறது.

[திரையில்: கரும்பலகை, மூன்று கட்டங்கள்]

இதற்கு ஹான்லன் முறை என்று ஒரு பழைய கணக்கு உண்டு. எத்தனை பேருக்கு வருகிறது, வந்தால் எவ்வளவு மோசம், நம்மால் என்ன செய்ய முடியும், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். மோசத்தின் மார்க்கை இரட்டிப்பாக்கி எண்ணிக்கையோடு கூட்டி, வருவதை மூன்றாவது மார்க்கால் பெருக்க வேண்டும். கூட்டுவதில்லை, பெருக்குவது, கவனியுங்கள். நம்மால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்றால் அங்கே பூஜ்யம், அப்புறம் மொத்தமும் பூஜ்யம்தான்.

என் குத்துமதிப்பில் பாம்புக்கடிக்கு 2, 9, 8. கணக்குப் போட்டால் 160. என் மாரடைப்புப் பேச்சுக்கு 5, 9, அப்புறம் ஆலிவ் எண்ணெய்க்குத் தாராளமாகவே 2 போடுகிறேன், 46 வருகிறது.

பாம்புக்கடிக்கு எப்படி 8 என்கிறீர்களா? கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல தடவை வலியோ வீக்கமோ இருக்காது, அதனால் விடியும்வரை தெரியாமலே போய்விடும். ஆனால் கட்டிலில் படுப்பது, கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகுவது, டார்ச் இல்லாமல் இறங்காமல் இருப்பது, கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கையைக் காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுவது, இதெல்லாம் இன்று ராத்திரியே செய்யலாம்.

[திரையில்: சொம்புகள், புளியங்கொட்டை]

சரி, மார்க் போட விவரம் வேண்டுமே? மகளிர் குழுவில் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள், ஒவ்வொரு பிரச்சினைக்கும் படம் ஒட்டிய ஒரு சொம்பு வையுங்கள், எது அதிகம் படுத்துகிறதோ அதில் போடச் சொல்லுங்கள். தட்டு வைக்காதீர்கள், குழுத் தலைவி எதில் போட்டார் என்று பார்த்துவிட்டு எல்லாரும் அதிலேயே போடுவார்கள்.

ஆனால் கொட்டையை மட்டும் நம்பவும் முடியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, ஆனால் அந்தச் சொம்பில் பெரும்பாலும் இரண்டு கொட்டைதான் விழும், ஏனென்றால் அசதியை யாரும் நோய் என்று நினைப்பதில்லை, வீட்டு வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே நர்சம்மாவின் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் "கீரை சாப்பிடுங்கள்" என்று பொதுவாகப் பேசாமல், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், டீக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்று ஒன்றே ஒன்றைச் சொன்னால் மனதில் நிற்கும்.

மாதமும் முக்கியம். டெங்குவை ஐப்பசி மழைக்கு முன்னாடியே பேசிவிட வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால் வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவதைப் பேச்சாகச் சொல்லாமல் அங்கேயே ஒரு டிரம்மை வைத்துச் செய்து காட்டுங்கள்.

[திரையில்: பாய், கொசுவலை]

அதே ஊருக்கு மறுபடி போனபோது போஸ்டரை விட்டுவிட்டு ஒரு கொசுவலையும் பாயும் எடுத்துப் போனேன். நான் சொருகியதைப் பார்த்து அந்தப் பாட்டி, "இப்பிடி இல்ல தம்பி, எழுந்திரு" என்று என்னைத் தள்ளிவிட்டு, தானே படுத்து, நாலு மூலையையும் உள்ளேயிருந்து சொருகிக் காட்டினார்.