சாட்ஸ்வொர்த்: மாளிகையும் அதன் தோட்டக்காரரும்

தேனிப் பக்கம் ஏக்கர் கணக்கில் விளையும் ஜி-9 வாழை, கேவன்டிஷ் என்னும் வகையைச் சேர்ந்தது. அந்தப் பெயர், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றையொட்டி நிற்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு உரிய பிரபுக் குடும்பத்தின் பெயர்.

1549-இல் சர் வில்லியம் கேவன்டிஷும் அவர் மனைவி பெஸ்ஸும் இந்த நிலத்தை 600 பவுனுக்கு வாங்கினர். பின்னர் டெவன்ஷயரின் முதல் டியூக் ஆன அவர்களுடைய வழித்தோன்றல், 1687-இல் தொடங்கிப் பழைய வீட்டைப் பகுதி பகுதியாக இடித்துப் புதிதாகக் கட்டினார். மாளிகைக்குப் பின்னுள்ள சரிவில் நீர் இறங்கிவரும் கற்படிகளும் அவர் காலத்தவையே. 24 தொகுதிகளாக அமைந்த அந்தப் படிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லாததால், விழும் நீரின் ஓசையும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஆனால் இத்தோட்டத்தின் பொற்காலம், 1826-இல் ஜோசப் பாக்ஸ்டன் தலைமைத் தோட்டக்காரராக வந்தபின்தான் தொடங்கியது. அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு வாழைக்கன்றைக் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்துக் குலை தள்ளவைத்து, அதற்குத் தம் முதலாளியான ஆறாம் டியூக்கின் குடும்பப் பெயரைச் சூட்டியவர் அவரே. 1849-இல் அமேசானின் பேரல்லியை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்கவைத்தார். தம் சிறுமகளை அதன் இலைமேல் நிற்கவைத்தபோது இலை தாங்கியது. இலையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய நரம்புகளின் வலிமையைக் கண்ட அந்தக் கண்தான், 1851-இல் லண்டனில் திறக்கப்பட்ட, இரும்பும் கண்ணாடியும் கொண்ட படிக மாளிகையை வடிவமைத்தது.

என்னை மிகவும் வியக்கவைப்பது 1844-இல் அவர் அமைத்த பேரரசர் நீரூற்று. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வருவார் என எதிர்பார்த்து, மாளிகையைவிட 350 அடி உயரத்தில் 8 ஏக்கர் ஏரியை வெட்டிக் குழாய் பதித்து, ஆறே மாதத்தில் வேலையை முடித்தனர். பம்பு ஏதுமின்றி, மேட்டுநீரின் அழுத்தத்தால் மட்டுமே 296 அடி வரை நீர் எழுந்தது. பேரரசரோ வரவேயில்லை.

1950-இல் பத்தாம் டியூக் இறந்தபோது, சொத்துகள்மீது 80 விழுக்காடு மரண வரி விழுந்தது. குடும்பத்தின் மற்றொரு வீடான ஹார்ட்விக் மாளிகையும் அரிய ஓவியங்களும் பெருமளவு நிலமும் கைவிட்டுப் போயின. 1981-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டு, மாளிகையும் தோட்டமும் அதன் பொறுப்பில் வந்தன. கேவன்டிஷ் குடும்பத்தார் இன்று தங்கள் முன்னோர் கட்டிய வீட்டில் அந்த அறக்கட்டளைக்கு வாடகை செலுத்தி வாழ்கின்றனர்.