ஏமாற்றுக்காரனுக்கு ஏன் '420' என்று பெயர்?

[திரை: கறுப்புப் பின்னணியில் 420 என்ற எண்]

வணக்கம். "அவன் சரியான ஃபோர் ட்வென்டி, பணத்தை மட்டும் கொடுத்துடாதே!" இந்த எச்சரிக்கையைக் கேட்காத தமிழர் குறைவு. ஆங்கிலமே பேசாதவர்கூட இந்த எண்ணை ஆங்கிலத்தில்தான் சொல்வார். 'நானூற்று இருபது' என்று யாரும் திட்டுவதில்லை. இந்திக்காரர்களுக்கு இதே ஆள் 'சார் சௌ பீஸ்'.

[திரை: பழைய சட்டப் புத்தகம், 1860]

எண் பிறந்த இடம் இந்திய தண்டனைச் சட்டம். மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-லேயே வரைவை முடித்துவிட்டது. ஆனால் அது சட்டமானது 1860-ல், நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1-ல். ஏமாற்றுதல் என்றால் என்ன என்று 415-ஆம் பிரிவு சொல்கிறது. 419 ஆள்மாறாட்டம். அடுத்ததுதான் 420: ஒருவரை ஏமாற்றி, அவர் கையாலேயே பணத்தையோ பொருளையோ கொடுக்க வைப்பது. 7 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

'அவர் கையாலேயே' என்பதைக் கவனியுங்கள். திருடன் நமக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிறான். 420 பேர்வழிக்கு நாமே நம்பிக் கொடுக்கிறோம். ஏமாந்தவர் பலர் வெளியே சொல்லவே கூசுவது இதனால்தான்.

சரி, கடன் வாங்கித் திருப்பித் தராத எல்லோரும் 420-யா? ஊர் வழக்கில் அப்படித்தான். சட்டத்தில் இல்லை.

[திரை: அவுரிச் செடி, பக்கத்தில் நீலச் சாயக் கட்டிகள்]

415-ஆம் பிரிவின் கீழே சில உதாரணங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று அவுரிச் செடியைப் பற்றியது. நீலச் சாயம் எடுப்பார்களே, அந்தச் செடி. வங்காளத்தில் அவுரி விவசாயிகள் தோட்ட முதலாளிகளை எதிர்த்துக் கிளம்பியதும் 1859, 60-ல்தான். உதாரணம் இதுதான்: இவ்வளவு அவுரி தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் வாங்குகிறார். வாங்கும்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் அது ஏமாற்று. தருவதாகவே நினைத்து வாங்கி, பிறகு வாக்குத் தவறினால்? அது ஒப்பந்த மீறல். சிவில் வழக்குத்தான் போட முடியும்.

பணம் போனவருக்கு இரண்டிலும் ஒரே நஷ்டம். சட்டம் பார்ப்பது, பணம் கைமாறிய அந்த நேரத்தில் வாங்கியவர் மனதில் என்ன இருந்தது என்பதை. 2000-ல் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. மனதை எப்படிப் படிப்பது? நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான். போலி நியமன ஆணையைக் காட்டி வேலைக்குப் பணம் வாங்கியவர், ஏற்கெனவே விற்ற மனையை இன்னொருவருக்கு விற்றவர் என்றால் எண்ணம் தெளிவாகவே தெரியும். தொழில் நொடித்துப்போய்க் கடனை அடைக்க முடியாமல் தவிக்கிறவர் அப்படி இல்லை. அவரையும் 420 என்று கூப்பிடுவது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

[திரை: ஆசிய, ஆப்பிரிக்க வரைபடம்]

பாகிஸ்தான், வங்கதேசம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் தண்டனைச் சட்டங்களிலும் இந்தக் குற்றத்துக்கு 420-தான் எண். இலங்கையின் 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 403 ஆகிவிட்டது. நைஜீரியாவில் மோசடிக்கு எண் 419. 'உங்களுக்குக் கோடிக்கணக்கில் பணம் காத்திருக்கிறது' என்று மின்னஞ்சல் வருமே, அதை உலகமே '419' என்று சொல்வது அந்தப் பிரிவை வைத்துத்தான்.

[திரை: 420 அழிந்து 318 தோன்றுகிறது]

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஏமாற்றுதல் இப்போது பிரிவு 318. பழைய 420 அதன் நான்காவது உட்பிரிவு. அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த மோசடிக்குப் புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரில் 318(4) என்றுதான் இருக்கும். அதற்கு முன்பு நடந்ததற்கு, இன்று வழக்குப் பதிந்தாலும் 420-தான்.