யார் டீச்சர் சொன்னாங்க?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

எங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்தது. மூடியில் அப்பாவின் பெயர், அதற்குக் கீழே ஒரு எண், அதற்கும் கீழே 'மண்டபம்' என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். 1973ல் அந்தப் பெட்டியோடுதான் இந்த மலைக்கு வந்தோம். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, ரயிலில் தலைமன்னார். அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். அப்புறம் எங்களைப் போல வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம். கடைசியாகக் கோத்தகிரி. எனக்கு அப்போது ஏழு வயது. கப்பலில் ஏறும்போது அம்மா, "ஊருக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஊரை அம்மாவே பார்த்ததில்லை. அம்மா பிறந்ததும் அந்த லயத்தில்தான், அம்மாவைப் பெற்றவர் பிறந்ததும் அதே லயத்தில்தான்.

பிழைக்க வந்தவர்களை இன்று நாம் நடத்துகிற விதத்தைப் பற்றி வருங்காலத் தலைமுறை என்ன சொல்லும்? இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். வருங்காலத்தைப் பற்றி ஆரூடம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தலைமுறை செய்ததை அடுத்த தலைமுறை எடுத்துப் பார்த்து, இது தப்பு என்று சொன்னதை என் வாழ்நாளிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் கதையே அதுதான்.

1948ல் இலங்கை சுதந்திரம் வாங்கியது. அதே வருடம் குடியுரிமைச் சட்டம் போட்டார்கள். தகப்பன் அங்கே பிறந்தவன், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டக் காகிதம் கேட்டது அந்தச் சட்டம். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்குக் காகிதம் ஏது? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் விழுந்தால் அந்த நாள் சம்பளம், அது ஒன்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பதிவு. லட்சக்கணக்கான பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அப்புறம் 1964 அக்டோபர் 30ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் எங்களைப் பங்குபோட்டுக்கொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களின் பிரதிநிதி ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. என் பெரியம்மா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதினார், அங்கேயே நின்றுவிட்டார். அம்மா இந்தியாவுக்கு எழுதினார். கூடப்பிறந்த இருவரும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை.

அந்தச் சட்டம் போட்டவர்கள் எல்லாரும் கொடியவர்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அவர்கள் பக்கத்திலும் ஒரு வலி இருந்தது. 1840ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, கண்டி மலைநாட்டில் பத்திரம் காட்ட முடியாத நிலத்தையெல்லாம் அரசு நிலம் என்று எடுத்துக்கொண்டது. அது துரைமாரின் காப்பித் தோட்டமானது, பிறகு தேயிலைத் தோட்டமானது. சிங்கள விவசாயி தன் ஊரைச் சுற்றியிருந்த காடு கைவிட்டுப் போவதைப் பார்த்தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது யார்மேல் இறங்கியது? நிலத்தை எடுத்த அரசாங்கத்தின்மேல் இறங்கவில்லை, தோட்டத்தை வைத்திருந்த கம்பெனியின்மேலும் இறங்கவில்லை. ஆள் சேர்க்கிற கங்காணி கூட்டிவந்த கூலியின்மேல், அவன் பெண்டாட்டி பிள்ளையின்மேல் இறங்கியது. சட்டத்துக்கு அப்போது நிறையப் பேர் தலையாட்டினார்கள். இலங்கைத் தமிழ் அரசியலிலேயே அதை ஏற்க முடியாமல் செல்வநாயகம் தான் இருந்த தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து போய், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சட்டம் பாய்ந்தது தோட்டத்து ஆட்கள்மேல்தான், அவருடைய ஆட்களான வடக்கு, கிழக்குத் தமிழர்கள்மேல் இல்லை. ஆனாலும் அவர் விலகினார். அந்தக் காலத்துக்கு அது தெரியாது, யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். தெரிந்தவர்கள் அப்போதே இருந்தார்கள்.

2003ல் அதே இலங்கைப் பாராளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குடியுரிமை உண்டு என்றது. 55 வருடம் ஆனது. என் பெரியம்மா அதைப் பார்க்க இல்லை.

கனடாவிலும் இப்படி ஒன்று நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1914ல் கோமகட்டா மாரு என்ற கப்பலில் 376 பேர் வான்கூவர் துறைமுகத்துக்குப் போனார்கள். பெரும்பாலும் பஞ்சாப்காரர்கள். சிலரைத் தவிர மற்றவர்களை இரண்டு மாதம் கரையேற விடாமல் கப்பலிலேயே நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 2016ல் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று அதற்கு மன்னிப்புக் கேட்டார். கப்பலில் நின்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கரையில் நின்று தடுத்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டதும் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் பேரன் பேத்திகள்.

சரி, நம் மலைக்கு வருவோம்.

அங்கே எங்களைத் தோட்டக்காட்டான் என்றார்கள், கள்ளத்தோணி என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரன் ஆனோம். அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் 'தாயகம் திரும்பியோர்'. எங்களுக்காகவே அரசு 1968ல் தேயிலைத் தோட்டங்கள் போட ஆரம்பித்தது, இன்று எல்லாரும் டான்டீ என்று சொல்கிற தோட்டங்கள். அம்மா அங்கேதான் கொழுந்து எடுத்தார். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் பஜாரில் ஒரு மளிகைக்கடை இருந்தது. ஊரில் எல்லாருக்கும் மாசக் கணக்கு உண்டு, சிலோன்காரர்களுக்கு மட்டும் கிடையாது. "இன்னிக்கி இருப்பான், நாளைக்கு ராத்திரியோட ராத்திரியா போயிடுவான்" என்று கடைக்காரர் அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். நான் பக்கத்தில் எண்ணெய்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணினார். எண்ணெய் கால் புட்டிக்குத்தான் காசு இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருட டிசம்பரில், கம்பளி இல்லாமல் நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, ஒரு படகர் வீட்டு அம்மா உருளைக்கிழங்கு மூட்டையும் இரண்டு போர்வையும் ஆள்விட்டுக் கொண்டுவந்து எங்கள் லைனில் வைத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. காலையில் மாத்திரை போட்டோமா என்பது மறந்துவிடுகிறது. அந்தக் கடைக்காரர் பெயரும் மறக்கவில்லை, போர்வை தந்தவர் பெயரும் மறக்கவில்லை. ஒப்பந்தம் எந்த வருடம் என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது.

இன்று நம் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, நாங்கள் காலி செய்த அதே லைன் வீடுகளில் இருக்கிறார்கள். காலை ஏழு மணிப் பனியில் பிளாஸ்டிக் படங்கைச் சுற்றிக்கொண்டு மேடேறுகிற அந்தப் பெண்களைப் பின்னாலிருந்து பார்த்தால் எனக்கு அம்மாவே போவது போலிருக்கிறது. அவர்களைக் 'குடியேறியவர்கள்' என்று சொல்வதே சட்டப்படி தப்பு. இந்தியாவில் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்று அரசியலமைப்பின் 19வது பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. எங்களிடம் கப்பல் சீட்டும் முகாம் காகிதமும்தான் இருந்தன. அவர்களிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது.

இருந்தும் பேச்சு மாறவில்லை. வடக்கன் என்கிறோம். சம்பளத்தைக் கெடுக்கிறான் என்கிறோம். 2020 ஊரடங்கில் இவர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்ததை டிவியில் பார்த்து உச்சுக்கொட்டினோம். அந்த மே மாதம் அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 பேர்மேல் சரக்கு ரயில் ஏறியது. 2023ல் தமிழ்நாட்டில் பீகார்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, எவ்வளவு பேர் பயந்துபோய் மூட்டையைக் கட்டினார்கள்! அந்தப் பொய்யை அவர்களால் நம்ப முடிந்ததே, அதற்கு நாம் கொஞ்சமாவது இடம் கொடுத்திருக்கிறோம் அல்லவா?

சம்பளம் பற்றிய கவலை பொய்யில்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் உள்ளூர் ஆளுக்குக் கூலி ஏறாது, இது தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியும். ஆனால் குறைந்த கூலி கொடுப்பவர் யார்? கண்டியில் நடந்த அதே தப்புதான் இது. கோபம் சரி, அது போய் விழுகிற ஆள்தான் சரியில்லை.

இதைச் சொல்லும்போது கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிகளான பணியர்களையும் காட்டுநாயக்கர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் கணக்கில் நாங்கள், துரைமார், ஜார்க்கண்ட்காரர், எல்லாருமே நேற்று வந்தவர்கள். எங்களுக்கு மறுவாழ்வு கொடுக்கத் தேயிலை நட்டதும் காட்டை அழித்துத்தான். அந்தக் கணக்கும் இன்னும் தீரவில்லை. அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய விஷயம்.

என் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருந்தது. போன வருடம் ஒரு ஜார்க்கண்ட் தம்பதி வந்து கேட்டார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை. "அம்மா, வாடகை முன்னாடியே தர்றோம்" என்றாள், உடைந்த தமிழில். ஆதார் அட்டையை நான் கேட்காமலே எடுத்து நீட்டினாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் இரண்டு முறை வந்து வாசலில் நின்றார்கள். நான் சொல்லவேயில்லை. அறையை ஒரு வங்கி ஊழியருக்குக் கொடுத்தேன். பரண்மேல் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு நானே இதைச் செய்தேன். அன்று ராத்திரி அம்மா, "யாரு வந்தது?" என்று கேட்டார். யாரோ வடக்கத்தி ஆளுங்க என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் பஜாருக்குப் பின்னால் இருக்கிற சமுதாயக் கூடத்தில் சாயங்காலப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள். ஜார்க்கண்ட் பிள்ளைகள் நாலைந்து பேர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்கள். போன மாதம் 'என் ஊர்' என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "என் ஊர் கோத்தகிரி. என் ஊரில் பனி பெய்யும்" என்று எழுதி வாசித்தாள். உடனே ஒரு பையன், "பொய் டீச்சர், இவ இந்திக்காரி" என்றான். அவன் எங்கள் லைன் பையன். அவனுடைய கொள்ளுப்பாட்டியும் என் அம்மாவும் ஒரே கப்பலில் வந்தவர்கள்.

அவனைத் திட்டவில்லை. அவன் கொள்ளுப்பாட்டி எங்கிருந்து வந்தார், எப்படி வந்தார் என்று சொன்னேன். அவனுக்கு அது தெரியவே தெரியாது, வீட்டில் யாரும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம், "நம்மளையும் இந்த மாதிரி சொன்னாங்களா டீச்சர்?" என்று கேட்டான். சொன்னார்கள் என்றேன். கடையில் கணக்கு வைக்க மாட்டேன் என்று சொன்னதையும் சொன்னேன்.

"யார் டீச்சர் சொன்னாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.