பி.டி.எஃப். கையில் இருக்கும்போது இ-இன்வாய்ஸை எடுத்துத் தரும் டூல் எதற்கு?

முதலியார்பேட்டையில் கணக்கு அலுவலகம் நடத்தும் ஒரு சகோதரியின் கேள்வி இது. அவருடைய வாடிக்கையாளர் புதுச்சேரியில் சோப்பு தயாரிக்கிறார். மூலப்பொருளைக் கடலூரிலும் பாகூர்ப் பக்கத்திலும் வாங்குகிறார். "சப்ளையர் அனுப்பும் பி.டி.எஃப்.பைப் படித்து ஏஐ ஏஜெண்ட் டேலி கணக்கு மென்பொருளுக்கு ஏற்றபடி தயார் செய்து தருகிறது. இப்போது இ-இன்வாய்ஸை நேரடியாக எடுத்துத் தரும் எம்.சி.பி. டூலையும் (ஏஜெண்ட்டை வெளி மென்பொருளோடு இணைக்கும் கருவி) சேர்க்கச் சொல்கிறார்கள். அது எதற்கு?" என்று கேட்கிறார்.

அந்த பி.டி.எஃப். வெறும் அச்சுப்படி, அதனால்தான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவருக்கு விற்கும்போது, 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். சப்ளையரின் மென்பொருள் விவரங்களை ஐ.என்.வி.-01 என்ற அரசு வடிவத்தில் பதிவுப் போர்ட்டலுக்கு அனுப்புகிறது. போர்ட்டல் அதைச் சரிபார்த்து, 64 எழுத்து கொண்ட ஐ.ஆர்.என். என்ற இன்வாய்ஸ் பதிவு எண்ணைக் கொடுத்து, டிஜிட்டல் கையொப்பமிட்ட ஜேசன் கோப்பையும் (மென்பொருள் நேரடியாகப் படிக்கும் தரவுக் கோப்பு) கியூஆர் குறியீட்டையும் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கோப்பிலிருந்துதான் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பில்லை அச்சிடுகிறது. நம் ஏஜெண்ட் இவ்வளவு நாளும் படித்துக்கொண்டிருந்தது அந்த அச்சைத்தான்.

பி.டி.எஃப்.பில் ஓர் எழுத்து மங்கியிருந்தால் ஏஜெண்ட் ஊகிக்கும். நம் பகுதியில் ஊகம் மிகவும் ஆபத்தானது. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரியின் மாநிலக் குறியீடு 34 போய் தமிழ்நாட்டின் 33 ஆகிவிடும், வரியும் மாநிலங்களுக்கிடையிலான ஐ.ஜி.எஸ்.டி. ஆகிவிடும். முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால், பின்கோடும் கைகொடுக்காது. 607 என்று தொடங்குவதால் கடலூர் என்று நினைப்போம். பாகூருக்கும் 607தான், அது புதுச்சேரி. 605 என்றால் புதுச்சேரி என்று நினைப்போம், விழுப்புரத்துக்கும் 605தான். ஏஜெண்ட்டை இயக்கும், வெளியூரில் பயிற்சி பெற்ற ஏஐ மாடலுக்கு இந்த எல்லைக் குழப்பம் எங்கே தெரியப்போகிறது? இங்கே பிறந்து வளர்ந்தவர்களே தடுமாறுகிறார்கள். ஜேசன் கோப்பில் இந்தச் சிக்கல் கிடையாது. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், வாங்குபவரின் எண், வழங்கல் இடம் எல்லாம் தனித்தனிப் புலங்களாக எழுதப்பட்டிருக்கும்.

அடுத்து, ஐ.ஆர்.என். சரியாக இருந்தால் பில்லும் சரி என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. சப்ளையரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகிய நான்கிலிருந்து மட்டுமே அந்த எண் கணக்கிடப்படுகிறது. தொகை அதில் இல்லவே இல்லை. பி.டி.எஃப்.பில் யாராவது 48,000ஐ 84,000 ஆக்கினாலும் ஐ.ஆர்.என். அப்படியே பொருந்தும். மாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது கையொப்பம்தான். இன்னொன்று, பதிவான 24 மணி நேரத்துக்குள் சப்ளையர் அதை போர்ட்டலில் ரத்து செய்ய முடியும். ரத்தான செய்தி உங்களிடம் இருக்கும் பி.டி.எஃப்.புக்கு எப்படித் தெரியும்? எனவே டூல் இன்வாய்ஸை எடுக்கும்போதே அதன் நிலையையும் கேட்டு வர வேண்டும்.

எம்.சி.பி. என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட ஒரு பொது நெறிமுறை. ஏஜெண்ட் "இந்த ஐ.ஆர்.என்.னுக்கான இன்வாய்ஸைக் கொடு" என்று கேட்கும், டூல் போய் எடுத்து வரும். இதில் நான் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் சில உண்டு. போர்ட்டல் கடவுச்சொல் டூலிடம் இருக்கட்டும், மாடலின் கண்ணில் படவே கூடாது. கையொப்பத்தைச் சரிபார்ப்பதும் டூலின் நிரல்தான், "கையொப்பம் சரிதானே?" என்று மாடலைக் கேட்டால் அது பணிவாக ஆமாம் என்று சொல்லிவிடும். வரியைக் கூட்டிப் பார்ப்பதையும் நிரலிடமே விடுங்கள். விவரம் எந்தக் கணக்குத் தலைப்பில் போகும், கொள்முதல் ஆர்டரோடு பொருந்துகிறதா என்று பார்க்க மாடல் போதும். முக்கியமாக, படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். பதிவு செய்யும், ரத்து செய்யும் வசதிகளையும் சேர்த்துத் தருகிறோம் என்று விற்பனையாளர் ஆசை காட்டுவார். கொள்முதல் பார்க்கும் அலுவலகத்துக்கு அது தேவையே இல்லை.

கேள்வியின் கடைசியில் பிரான்சிலிருந்து வாங்கும் நறுமண எண்ணெயைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அந்த பில் ஃபாக்டூர்-எக்ஸ் என்ற மின்-பில் வடிவில் வந்தால், கதை தலைகீழ். அதில் பி.டி.எஃப்.புக்குள்ளேயே எக்ஸ்.எம்.எல். கோப்பு பொதிந்திருக்கும், இ.என். 16931 என்ற ஐரோப்பியத் தரத்தை அடிப்படையாகக் கொண்டது அது. அதனால் அந்த பி.டி.எஃப்.பை அச்சிட்டு ஸ்கேன் செய்து ஏஜெண்ட்டிடம் கொடுக்காதீர்கள், உள்ளே இருப்பது போய்விடும். வந்த கோப்பையே அப்படியே டூலிடம் கொடுத்து எக்ஸ்.எம்.எல்.லைப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். ஆனால் இறக்குமதிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க ஆதாரம் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணம்தான். அதை இந்த டூல் எடுத்துத் தராது, தனியாகத்தான் வாங்கி வைக்க வேண்டும்.