மலையகத்தார் பார்க்க வேண்டிய கடற்கரை

அவையோருக்கு வணக்கம். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த நம் மலையகத் தமிழரின் வரலாறு என்றால் காப்பியிலோ தேயிலையிலோதான் நாம் பேச்சைத் தொடங்குவோம். இன்று நான் மன்னாரிலிருந்து தொடங்குகிறேன்.

மன்னார் ஒடுங்கி நீண்ட மணல் தீவு. ஒரு முனையில் மன்னார் நகரம்; பாலம் கடந்தால் பெருநிலம். மறுமுனையில் தலைமன்னார். அங்கிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நடுவில் மணல்திட்டுகளும் ஆழமில்லாத கடலும். பெரிய கப்பல் போகாது, தோணி போகும். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துச் சனங்களைக் கங்காணிமார், அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்கள், கண்டிச் சீமை எனப்பட்ட மலைநாட்டுக்கு இந்த வழியாக அழைத்து வந்தது அதனால்தான்.

மன்னார்க் கோட்டையை 1560இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். சரி, அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தெற்கே அரிப்பு என்ற கரையோர ஊருக்கு வாருங்கள். முதல் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் தங்குவதற்கு அங்கே ஒரு மாளிகை கட்டினார். செங்கல் சுவர், அதன்மேல் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. கடல் கரையை அரித்துக்கொண்டே வர, அந்தச் சுவர்கள் இன்று இடிந்து சரிகின்றன. ஆளுநர் முத்துப் பார்த்த இதே கரையோரத்தில்தான் பிற்பாடு நம் ஆட்களும் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள்.

இறங்கியவர்கள் மாத்தளைக்கு நடந்தார்கள். 150 மைல் அளவு. மெதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காய்ந்த காடு. வாந்திபேதியும் காய்ச்சலும் கூடவே வந்தன. விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடக்க வேண்டியிருந்தது. இதைத் தலைவிதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக்குக் கை வேண்டும் என்றவர்கள், வழிநெடுகக் கிணறும் மடமும் முதலிலேயே அமைத்திருக்கலாம்.

1914இல் தலைமன்னாருக்கு ரயில் பாதை திறந்தது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியதும், அதே பாதையில் நம் சனங்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் ரயில் கோச்சி புறப்படும்போது எழுந்த ஒப்பாரி இங்கிருக்கும் பெரியவர்கள் காதில் விழுந்திருக்கும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள், ஐயா.

2023இல், நம் ஆட்கள் இலங்கைக்கு வந்த 200 ஆண்டை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் நடந்தே வந்தது. அப்புறம் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஆசிரியர்மாரிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த கல்விச் சுற்றுலாவில் அனுராதபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் வடமேற்கே போய், பிள்ளைகளைத் தலைமன்னார் இறங்குதுறையிலும் அரிப்பிலும் நிற்க வையுங்கள்.